நம் வாயிலுக்கு நம் திறவுகோல்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புது வீட்டிற்குக் கதவு பொருத்தியதும் நாம் செய்வது என்ன? தச்சரிடமிருந்து திறவுகோலை வாங்கிக்கொள்கிறோம். ஐயம் தோன்றினால் பூட்டையே மாற்றுகிறோம். அதே வீட்டுக் கூடத்தில், கம்பியில்லாமல் இணையத்தை வழங்கும் சிறு பெட்டி ஒன்று நிற்கிறது. கடைக்காரர் ‘ரூட்டர்’ என்பார். நாம் ‘திசைவி’ என்போம். அதற்கும் ஒரு வாயில் உண்டு, பூட்டும் உண்டு. அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஆலையார் அதற்குப் பெயரும் கடவுச்சொல்லும் இட்டே விடுக்கின்றனர். பல கருவிகளில் ஆள்பவர் பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’! அதனை அறியாதவர் யார்? 2016-ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அது பெரிய நுட்பம் எதனையும் கையாளவில்லை. ஆலைகள் இட்ட பெயரும் கடவுச்சொல்லுமாக 60-க்குச் சற்று மேற்பட்ட இணைகளை வைத்துக்கொண்டு, கருவிதோறும் கதவைத் தட்டியது, அவ்வளவே. திறந்தவை பல நூறாயிரம்! அத்தகைய கருவிகளை ஏவி, அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவின் ‘டைன்’ நிறுவனத்தைத் தாக்கினர். ட்விட்டர் உள்ளிட்ட பெருந்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. கருவிக்கு உரியவர்களோ, தம் வீட்டுப் பொருள் பிறர்மேல் கல்லெறிகிறது என்பதையே அறிந்திலர். மாற்றாத கடவுச்சொல் நமக்கு மட்டுமன்று, ஊருக்கே தீங்கு என்பது இதனால் விளங்கும்.

செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, ஆளும் கடவுச்சொல். திசைவியின் அடியில் ஒட்டிய தாளில் ஓர் எண் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. திசைவியோடு இணைந்த கணினியிலோ கைப்பேசியிலோ உலவியைத் திறந்து அதனை இட்டால், அமைப்புப் பக்கம் தோன்றும். அங்கே முதற்பணி, ஆளும் கடவுச்சொல்லை மாற்றுவதே. விருந்தினர்க்குச் சொல்லும் இணைப்புக் கடவுச்சொல் வேறு, இது வேறு, இரண்டையும் ஒன்றாக்காதீர்.

இரண்டாவது, மறையாக்கம். பழைய ‘டபிள்யூ.ஈ.பி.’ முறையின் ஓட்டையை 2001-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் வெளிப்படுத்தினர். 2004-இல் வந்த ‘டபிள்யூ.பி.ஏ.2’, 2018-இல் வந்த ‘டபிள்யூ.பி.ஏ.3’ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்க. ‘டபிள்யூ.பி.எஸ்.’ என்னும் எட்டிலக்கக் குறுக்கு வழியை அடைத்துவிடுக. எட்டிலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால், அம்முறை முதல் 4 இலக்கங்களையும் அடுத்த 3 இலக்கங்களையும் தனித்தனியே சரிபார்க்கிறது. எட்டாவது, முன்னவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது. ஆதலின் 11,000 முறை முயன்றாலே போதும் என்பது 2011-இல் வெளிப்பட்டது.

மூன்றாவது, பெயர். ஆலை இட்ட பெயர், கருவி இன்னதென்று தெருவுக்கே அறிவிக்கும். அதனை நீக்கித் தமிழிற் பெயர் சூட்டுக. இயலுமா என்பீர், இயலும். ஒருங்குறியில் தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. பெயருக்குரிய அளவு 32 பைட்டு. ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைட்டு. தமிழிலோ உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ‘முல்லை’ 18 பைட்டு, அடங்கும். ‘கலங்கரை விளக்கம்’ 46 பைட்டு, அடங்காது. சிறு பெயரே சிறப்பு. சில கருவிகளின் அமைப்புப் பக்கம் தமிழை ஏற்பதில்லை, வாங்குமுன்பே கேட்டறிக.

நான்காவது, இணைப்புக் கடவுச்சொல். இங்கேதான் நமக்கொரு குறை. 8 முதல் 63 எழுத்து வரை இடலாம். ஆயினும் வகுத்த நெறி ஆங்கில எழுத்தையும் எண்களையும் சில குறிகளையுமே ஏற்கிறது. பெயரில் நுழைந்த தமிழ், திறவுகோலில் இன்னும் நுழையவில்லை. அதற்காகச் சோர்வதா? தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்திற் கோத்து எழுதுக: முறம், முதலை, கடுகு, தேர் என்பன போல. மேடையிற் சொன்ன இவற்றையே இட்டுவிடாதீர்! நீளமே வலிமை. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் அண்டை வீட்டார்க்கும் தெரியும் அல்லவா?

பெரிய வீட்டில் இரண்டாவது பெட்டி வைப்போர்க்கு ஒரு சொல். கருவிகளுக்கு எண் முகவரி வழங்கும் பணி ஒரு பெட்டிக்கே இருக்கட்டும். ஒரே வலையில் இரண்டும் வழங்கினால், ஓரெண் இரு கருவிகளுக்குச் சென்று இணைப்புக் குழம்பும். பந்தியில் ஓர் இலைக்கு இருவரை அமர்த்தியது போலாகும்.

தோழர்களே, வாங்கியதை வாங்கியபடியே வைத்திருத்தல் அடிமை இயல்பு. கருவி அயலார் ஆக்கியதாகலாம். அதனை ஆளும் உரிமை நம்முடையதாக வேண்டும். இன்றிரவே திசைவியைத் திருப்பி அடித்தாளைப் படியுங்கள். சிறிது நேரப் பணிதான். அறியாத அண்டை வீட்டார்க்கும் செய்து கொடுங்கள்.