வீடு வந்து சேர ஒரு கட்டு
(வானொலி மறையுரை)



நம் உடையார்பாளையம் பக்கம் முந்திரி சீசனில் ஓடும் பழைய மினி லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கைப்பிடி மஞ்சள்தூள். டீசல் டேங்கில் கசிவு என்றால் பார் சோப்பைத் தேய்த்து ஓர் அடைப்பு. சைலன்சர் தொங்கினால் கட்டுக்கம்பி. இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. தோப்புப் பாதையில் வண்டி நின்றுவிட்டால், கையில் இருப்பதை வைத்து வீடு வந்து சேரத் தெரிவதும் கடவுள் தந்த அறிவுதான்.

ஆனால் ஒரு சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகினால், அந்தக் குழாயை மட்டும் மடக்கி நசுக்கிவிட்டு, மற்ற சக்கரங்களின் பிரேக்கை நம்பி ஓட்டி வருவதும் உண்டு. காலி வண்டி மெதுவாக ஊர் வந்துவிடும். மறுநாளும் ஓடும். ‘அதான் ஓடுதுல்ல’ என்று விட்டுவிடுகிறோம். பாரம் ஏற்றிய ஒருநாள், அவசரமாகப் பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எதிரே வருகிறவருக்கு நம் கட்டு வேலை தெரியாது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருந்தும், அதே வண்டியில்தான் ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் பிள்ளைகளை ஏற்றுகிறோம்.

இயேசு அழைத்தபோது யாக்கோபும் யோவானும் படகில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்கிறார் மாற்கு (1:19). அங்கே வரும் அதே கிரேக்க வினைச்சொல்லைத்தான், தவறிய சகோதரரைக் கனிவோடு திருத்தும்படி கலாத்தியருக்கு எழுதும்போது (6:1) பவுலும் பயன்படுத்துகிறார். ஒன்றை அதன் வேலைக்கு மீண்டும் தகுதியாக்குவது என்பது அதன் பொருள். சரியாக முடியாத வலை கரையில் நல்ல வலைபோலவே தெரியும். மீன் ஏறும்போதுதான் பிரியும்.

உறவும் அப்படித்தான். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், ‘சரியாகிவிட்டது’ என்கிறோம். நல்லதுதான், ஆனால் அது வீடு வந்து சேர்வதற்கான கட்டு. அம்மா படுக்கையில் விழுந்து, யார் பார்ப்பது என்ற பாரம் ஏறும்போது அது அறுந்துவிடும். அடிபடுவது அம்மா.

ஆகவே, திருவிழாவுக்கு முன் வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிள்ளைகளைப் பேருந்தில் அனுப்புங்கள். பேசாதிருக்கும் சகோதரர் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். வரப்பை இருவரும் சேர்ந்து அளந்து, பேசி முடியுங்கள். ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வரும்போது அந்த மனத்தோடு வாருங்கள். அதற்கான துணிவை ஆண்டவர் நம் அனைவருக்கும் தருவாராக. ஆமென்.