அச்சிட்ட விமானம்



2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ‘சல்சா’ என்னும் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டனர். நைலான் பொடியை லேசர்க் கதிரால் அடுக்கடுக்காக உருக்கி அச்சிட்ட உடல்; சிறகுமுனைக்குச் சிறகுமுனை 2 மீற்றர். பாகங்களைப் பூட்டக் கருவியே வேண்டியதில்லை. ஸ்பிற்பயர் விமானத்தின் நீள்வட்டச் சிறகைத் தகட்டில் ஆக்குவது பெருஞ் சிரமம். அச்சியந்திரத்துக்கோ நேர்கோடும் வளைவும் ஒன்றே.

இதைப் படித்தே நாமும் ஒன்றரை மீற்றர்ச் சிறகுடன் ஒன்று செய்யத் துணிந்தோம். நைலான் நமக்கு எட்டாத விலை. சோள மாப்பொருளில் இருந்து ஆக்கும் பிளாஸ்ரிக் இழையே கைக்கு வந்தது. முதல் விமானம், அறுவடை முடிந்த வயலில் எழும்பியதும், வால் கனத்து மூக்கு நிமிர்ந்து விழுந்தது; முச்சை பிழைத்த பட்டந்தான்! அடுத்ததன் மூக்கில் ஈயம் வைத்துச் சமன்செய்தோம். அது நன்றாகவே பறந்தது. இறக்கி வெயிலில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். வந்து பார்க்கச் சிறகு அப்பளமாய் வளைந்து கிடந்தது. அவ்விழை 60 பாகை வெப்பத்தில் இளகும் என்பது அன்றுதான் புத்தியில் உறைத்தது. மூன்றாவதற்கு வெள்ளை இழை; பறப்பு விடிகாலையில் மட்டும். இன்னும் முழுதாக இருக்கிறது.

“படிப்பை விட்டுப் பட்டம் விடுகிறார்கள்” என்று பெரியோர் சிலர் சொன்னதும் காதில் விழுந்தது. கோபமில்லை. நான்காவதைச் செய்ய வாசிகசாலையின் பின்னறையைத் தந்து, வந்து பார்க்குமாறு அவர்களையே கேட்கிறோம்.