பிள்ளைகள் வரைந்த திடல்

(ஆலயப் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பங்குப் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது ஆலயத்தின் வரலாற்றை உபதேசியார் அழகாகச் சொல்லி முடித்துவிட்டார். எனவே நாம் ஆலயத்திற்குப் பின்னால் கிடக்கும் திடலைப் பற்றி மட்டும் பேசப் போகிறோம்.

நாற்பது சென்ட் நிலம். ஒரு புங்க மரம், தூர்ந்துபோன ஒரு கிணறு, மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பொன்விழா நிதியில் மிஞ்சும் தொகையைக் கொண்டு அங்கே திருமண மண்டபம் எழுப்ப வேண்டும் என்பது பேரவையில் பலருடைய விருப்பம். வாடகை வரும், ஆலயச் செலவுக்கு உதவும் என்கிறார்கள். அந்த எண்ணத்தில் குற்றம் காண நாம் எழுந்து நிற்கவில்லை. ஆனால் அடிக்கல் நாட்டுவதற்கு முன் நீங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

நமது பங்கைச் சேர்ந்த மகள் ஒருத்தி கட்டடக்கலைக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அவளும் அவளுடைய வகுப்புத் தோழர்கள் ஐவரும் இந்தப் பருவத்திற்குரிய வடிவமைப்புப் பணிக்கு நமது திடலையே எடுத்துக்கொண்டார்கள். வந்த முதல் மூன்று நாட்கள் அவர்கள் எதையும் வரையவில்லை. புங்க மரத்தடியில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், எந்தப் பக்கமாகப் போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்கள். “சாமி, இந்தப் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து ஆள் எண்ணுகிறார்கள், இதுதான் படிப்பா?” என்று பேரவை அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நாமும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு தவறு என்று பின்னர்தான் உணர்ந்தோம். ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் உங்களைக் கடல் கடந்து அழைத்துச் செல்ல வேண்டும்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம். அதன் மேற்கே ஹேல் கவுண்டி என்ற வட்டாரம். கரிசல் மண், ஒரு காலத்தில் பருத்தி விளைந்த பூமி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வியர்வையில் விளைந்த பருத்தி அது. பருத்தி போயிற்று, வறுமை தங்கிவிட்டது. அந்த ஊர்களுக்கு 1993ஆம் ஆண்டு ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் சிலரை சாமுவேல் மாக்பி, டி. கே. ரூத் என்ற இரு பேராசிரியர்கள் அழைத்துவந்தார்கள். ‘ரூரல் ஸ்டுடியோ’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். கிராமப் பட்டறை என்று நாம் சொல்லலாம். வகுப்பறையில் காகிதத்தில் வரைந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகும் படிப்பு போதாது, வரைந்ததை அந்த ஊரிலேயே தங்கித் தம் கையாலேயே கட்டி முடிக்க வேண்டும் என்பது மாக்பியின் திட்டம். மாணவர்களைக் கட்ட வைத்த கல்லூரி அதற்கு முன்னும் உண்டு. ஏல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மூர் என்பவர் 1967ஆம் ஆண்டிலேயே முதலாண்டு மாணவர்களைக் கென்டக்கி மலைநாட்டுக்கு அனுப்பி, ஊர்ப் பொதுக்கூடம் ஒன்றைக் கட்டச் செய்தார். ஆனால் மாக்பி தம் மாணவர்களை அந்த ஏழைகளுக்கு அயலாராகவே குடியமர்த்திவிட்டார்.

அவர்கள் கட்டிய முதல் வீடு 1994இல் முடிந்தது. மேசன்ஸ் பெண்ட் என்ற சிற்றூரில் பேரப் பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு முதிய தம்பதியருக்கு அது. அதன் சுவர் எதனால் ஆனது தெரியுமா? வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே சாந்து பூசினார்கள். குளிருக்கும் வெயிலுக்கும் வைக்கோல் நல்ல தடுப்பு. முன்புறம் அகலமான திண்ணை. பின்புறம் பேரப் பிள்ளைகள் படுக்கச் சிறு சிறு அறைகள். பெரியவருக்கு மீனைப் புகையில் வாட்டி வைக்கும் பழக்கம் உண்டு. அதற்கென்று மாணவர் ஒருவர் உடைந்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கி ஒரு சிறு அறை கட்டினார். இடையிடையே வண்ணப் பாட்டில்களைப் பதித்ததால் பகல் வெளிச்சம் பச்சையும் நீலமுமாய் உள்ளே வரும். நமது ஆலயச் சன்னல்களின் வண்ணக் கண்ணாடி நினைவுக்கு வருகிறதல்லவா?

மறு ஆண்டு, 1995இல், மூன்று மாணவர்கள் தங்கள் இறுதியாண்டுப் பணிக்காகச் செபக்கூடம் ஒன்றைக் கட்டினார்கள். தேய்ந்து எறிந்த வண்டி டயர்கள் ஏறக்குறைய ஆயிரம். ஒவ்வொன்றிலும் மண்ணைத் திணித்து, அடுக்கி, பூசிச் சுவராக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் மேசன்ஸ் பெண்டுக்கு ஒரு சமுதாயக் கூடம் வந்தது. நடமாடும் மருத்துவ வண்டி வந்து நிற்கவும், மக்கள் கூடிச் செபிக்கவும் அந்தச் சிற்றூரில் அதற்கு முன் இடமில்லை. இடித்துக் கெட்டித்த மண்சுவரின் மேல் கண்ணாடிக் கூரை ஒன்று மீன் செதில்போல் சரிந்து நிற்கும். அத்தனையும் கார்களின் முன்கண்ணாடிகள்! மாணவர் ஒருவர் சிகாகோவில் பழைய கார் உடைக்கும் இடத்தில் எண்பது கண்ணாடிகளை 120 டாலருக்கு வாங்கி வந்தார் என்று சொல்லுவார்கள்.

இவற்றைப் படங்களில் பார்த்தபோது நமக்கும் ஐயம் எழத்தான் செய்தது. ஏழைகளின் தலையில் மாணவர்கள் சோதனை நடத்துகிறார்களோ? பணக்காரன் வீட்டுக்குச் செங்கல், ஏழைக்கு டயரா? இந்தக் கேள்வியை அமெரிக்காவிலும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மாதிரி அழகான, மானத்தோடு வாழத்தக்க இடம் வேண்டும் என்பதில் மாக்பி உறுதியாக இருந்தார். ஆனால் எண்ணம் நல்லதாயிருந்தால் மட்டும் கூரை ஒழுகாமல் இருந்துவிடுமா? தொடக்க காலக் கட்டடங்களில் சில பராமரிப்பின்றிச் சிதைந்தன. அந்த டயர்க் கூடமும் அவற்றில் ஒன்று.

மாக்பி 2001ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃப்ரியர், கட்டியது நிலைக்க வேண்டும், அதை ஊரார் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்பதை முன்னிறுத்தினார். நியூபெர்ன் என்ற ஊரில் அப்போது ஏறக்குறைய 200 பேர்தான் வாழ்ந்தார்கள். அங்கே நூறாண்டுகளுக்கு மேலாகப் புதிய பொதுக்கட்டடம் ஒன்றுகூட எழும்பவில்லை. மாணவர்கள் முதலில் தீயணைப்பு வண்டிக்கு ஒரு நிலையம் கட்டினார்கள். பின்னர் 2011இல் அதன் பக்கத்திலேயே ஊர் மன்றம். அதற்குப் பின் பயன்படாமல் கிடந்த பழைய வங்கிக் கட்டடத்தை நூலகமாக்கினார்கள். அருகிலுள்ள கிரீன்ஸ்பரோ ஊரில் ஒரு பெரிய பூங்காவை 2006 முதல் ஆண்டுதோறும் வெவ்வேறு மாணவர் குழுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்கி வந்தன. ஒரு குழு பந்து விளையாடும் மைதானம், ஒரு குழு கழிப்பறை. இன்னொரு குழுவுக்கு நன்கொடையாகக் கிடைத்த பீப்பாய்கள் ஏறக்குறைய இரண்டாயிரம். அவற்றை அடுக்கிக் குழந்தைகள் ஓடி ஒளிந்து விளையாடும் சுவர்களும் சந்துகளும் ஆக்கினார்கள். கழிப்பறை கட்டிய குழுவைத்தான் நாம் மிகவும் மதிக்கிறோம். கழிப்பறையோடு யாரும் புகைப்படம் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அது இல்லாத திடலில் பெண்கள் எவ்வளவு நேரம் இருப்பார்கள்?

2005இல் அவர்கள் தொடங்கிய வீட்டுத் திட்டமும் உண்டு. பொருளும் கூலியும் சேர்த்து 20,000 டாலருக்குள் ஒரு வீடு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ரூபாய். அரசு தரும் முதியோர் உதவித்தொகையை மட்டும் நம்பி வாழ்பவர்கூடத் திருப்பிச் செலுத்தக்கூடிய கடன் எவ்வளவு என்று கணக்கிட்டு, அங்கிருந்து வீட்டின் அளவுக்கு வந்தார்கள். முந்தைய ஆண்டு மாணவர்கள் கட்டிய வீட்டின் குறையை மறு ஆண்டு மாணவர்கள் திருத்தினார்கள். வீடு நன்றாக அமைந்தது. ஆனால் அவ்வளவு சிறிய கடன் கொடுக்க வங்கிகளுக்கு ஆர்வமில்லை. இப்படிப்பட்ட முட்டுக்கட்டைகளையும் அந்தப் பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள்.

அன்பர்களே, நாம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது நாமும் ஒரு சமுதாயக் கூடம் கட்டினோம். இஞ்சினியர் ஒருவர் பிளான் கொடுத்தார்; நாம் கையெழுத்திட்டோம்; நான்கு மாதத்தில் முடித்தோம். மேலே ஆஸ்பெஸ்டாஸ், சன்னல்கள் சிறியவை. பங்குனி மாதம் வந்ததும் உள்ளே நிற்க முடியவில்லை. தையல் வகுப்பு ஒரே மாதத்தில் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. கூடத்தில் நாற்காலிகளையும் சப்பரத்து மரச்சட்டங்களையும் போட்டுப் பூட்டிவைத்தோம். “சாமி, கட்டுறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்று தையல் வகுப்புப் பாட்டி ஒருவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் இன்றும் அது காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

அதே வெயில் பிரச்சினையை மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாணவர் எப்படித் தீர்த்தார் என்று பின்னாளில் படித்தபோது வெட்கமாக இருந்தது. பிரான்சிஸ் கெரே என்ற அவர், புர்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமத்துப் பிள்ளை. பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோதே பணம் திரட்டி, தம் ஊருக்குப் பள்ளிக்கூடம் வடிவமைத்தார். 2001இல் அது முடிந்தது. படித்துவிட்டு வந்தவன் மறுபடியும் களிமண்ணைப் பற்றிப் பேசுகிறானே என்று ஊரார் முதலில் தயங்கினார்கள். பிறகு அவர்களே கல் சுமந்தார்கள், மண் கட்டி அறுத்தார்கள். கூரைதான் நம்மைக் கவர்ந்தது. தகரம்தான், ஆனால் அதைச் சுவர்மேல் படுக்க வைக்காமல், வகுப்பறையின் தளத்திற்கு மேலே இடைவெளி விட்டுத் தூக்கி நிறுத்தினார். தளத்தில் துளைகள். சூடான காற்று துளை வழியாக மேலேறி, இடைவெளியில் வெளியேறிவிடும். மின்விசிறிகூட இல்லாமல் உள்ளே பிள்ளைகள் படிக்கிறார்கள். அவருக்கு 2022ஆம் ஆண்டு கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

இன்னொருவர் அன்னா ஹெரிங்கர். ஆஸ்திரியா நாட்டில் லின்ஸ் நகரில் படித்தபோது, பங்களாதேசத்தின் ருத்ராபூர் கிராமத்துக்கு மண்ணாலும் மூங்கிலாலும் ஒரு பள்ளியைத் தம் பட்டப் படிப்புக்காக வரைந்தார். மண்சுவரை அரிப்பது தரையிலிருந்து ஏறும் ஈரம் என்பதால், கீழே செங்கல் அஸ்திவாரமும் ஈரத்தடுப்பும் வைத்து, ஊர் ஆட்களோடு சேர்ந்து 2005இல் கட்டினார்கள். இவரைப் பற்றி நமது விழாவில் சொல்லக் காரணம் உண்டு. ஜெர்மனியில் வோர்ம்ஸ் நகரப் பேராலயம் நேர்ந்தளிக்கப்பட்ட ஆயிரமாம் ஆண்டு விழா 2018இல் வந்தபோது, அதன் புதிய பலிபீடத்தை வடிவமைத்தவர்களில் இவரும் ஒருவர். பளிங்கு வேண்டாம் என்று மண்ணையே இடித்துக் கெட்டித்துச் செய்தார்கள். பங்கு மக்களும் வந்து மண்ணை இடித்தார்கள்.

இனி நமது திடலுக்கு வருவோம். மூன்று நாள் ஆள் எண்ணிய பிள்ளைகள் நம்மிடம் கொண்டுவந்த தாளில் இருந்தது இதுதான். பேருந்து நிறுத்தத்திற்குப் போகிறவர்கள் பெரும்பாலோர் திடலைக் குறுக்காகக் கடக்கிறார்கள். மண்டபம் வந்தால் அந்த வழி அடைபடும். நியாய விலைக் கடைக்கு வரும் பெண்கள் முறை வரும் வரை புங்க மரத்தடியில்தான் உட்காருகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் நமது பங்கினர் அல்லர், இந்து, முஸ்லிம் குடும்பத்தார். மாலையில் பையன்கள் ஒரு பக்கம், முதியவர்கள் ஒரு பக்கம். பெண் பிள்ளைகள் மட்டும் ஆறு மணிக்குப் பின் வருவதே இல்லை, விளக்கு இல்லாததால். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தத் திடலைச் சன்னல் வழியாகப் பார்த்துவருகிறோம். இதில் ஒன்றையாவது நாம் கவனித்திருந்தோமா?

அவர்கள் வரைந்தது இது: மரத்தைச் சுற்றி அகலத் திண்ணை, கிணற்றைத் தூர்வாரி மழைநீர் இறங்கும்படி செய்தல், மூன்று பக்கமும் திறந்த, ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை, சிறு திருமணத்திற்கும் மாலைப் படிப்புக்கும், நான்கு விளக்குகள், இரண்டு கழிப்பறைகள். மண்டபத்திற்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்கிறார்கள். செலவுக் கணக்கை நமது கொத்தனார் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூடத்தான் வரும் என்றார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வாடகை வருமானம் குறையும் என்பதும் உண்மை.

பிள்ளைகளின் வரைபடத்தில் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. திருவிழாவில் தேர் திரும்பும் இடத்தில் திண்ணையை வைத்துவிட்டார்கள்! தேர் இழுக்கும் அண்ணன்மார் பார்த்துவிட்டுப் பதறினார்கள். மாணவர்கள் வாதாடவில்லை. பழைய விழாப் படங்களைக் கேட்டு வாங்கிப் போய், திண்ணையை வளைத்து மறுபடியும் வரைந்து வந்தார்கள். அன்றுதான் இந்தப் பிள்ளைகளிடம் வேலையை ஒப்படைக்கலாம் என்று நமக்குத் தோன்றிற்று.

முடிவு பேரவையுடையது, பேரவைக்கு முன் உங்களுடையது. வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் மாணவர்கள் அட்டையில் செய்த மாதிரியோடு மரத்தடிக்கு வருவார்கள். மண்டபமே வேண்டும் என்பவர்களும் வந்து தங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். நியாய விலைக் கடைக்கு வரும் தாய்மாரையும் அழைத்திருக்கிறோம். தேர் இழுப்பவர்கள் மட்டும் அரை மணி முன்னதாக வடத்தோடு வந்துவிடுங்கள். தேர் திரும்பும் இடத்தை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிடலாம்.