ஆரம்பப் பள்ளியில் விஞ்ஞானம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் எதைக் கற்க வேண்டும் என்பது பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். பேராசிரியர்கள் பேச வேண்டிய பொருள் இது என்று தயங்கினோம். ஆயினும் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்களைப் பேசத் தூண்டிற்று.

ஐந்தாம் வகுப்பில் பயிலும் எங்கள் பேத்தி, டிசம்பர் மாதத்தில் ஒருநாள் மொட்டை மாடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். நண்பகல் வேளை. அவள் நிழல் அவளைக் காட்டிலும் நெடிதாய் வடக்கே நீண்டு கிடந்தது. வகுப்பில் எழுதிக்கொடுத்த குறிப்பிலோ, நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும் என்றிருந்தது. தேர்வில் அவள் தான் கண்டதையே எழுதினாள். இரண்டு மதிப்பெண் போயிற்று. காரணம் கேட்டு வந்து நின்றவளிடம் நாங்கள் கூறியது, "குறிப்பில் உள்ளதை எழுதித் தொலைத்தால் என்ன?" என்பதே. ஆசிரியரை நொந்துகொள்ள எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அன்று முதல் அவள் மாடியில் நிழலைப் பார்ப்பதில்லை.

உண்மை யாதெனில், குழந்தை எழுதியதே சரி. தில்லி 28.6 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியனோ 23.4 பாகைக்கு வடக்கே தலைக்கு நேராக வருவதேயில்லை. ஆகவே ஆண்டில் எந்த நாளிலும் இங்கே நண்பகல் நிழல் முற்றும் மறைவதில்லை. ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை நிமிர நட்டால், அதன் நண்பகல் நிழல் ஜூன் 21 அன்று ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். டிசம்பர் 21 அன்று ஏறத்தாழ 128 சென்டிமீட்டர். இரண்டு நாளிலும் அது வடக்கு நோக்கியே விழும். சென்னையிலோ ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி நிழலே இராது. ஜூன் மாதத்தில் நிழல் தெற்கே விழும்! கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் பிள்ளைகளுக்கு வாய்த்த பேறு இது. பூமி உருண்டை என்று நூறு முறை உருப்போடுவதினும், ஒரே கோலின் நிழல் இரண்டு ஊர்களில் இரண்டு திசையில் விழக் காண்பது மேலன்றோ?

இன்னொன்றும் உண்டு. தில்லியில் கடிகாரம் 12 காட்டும்போது சூரியன் உச்சிக்கு வருவதில்லை. நம் நாட்டு நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. தில்லி அதற்கு மேற்கே உள்ளது. ஜூன் மாதத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நிழல் நுனியை அடிக்கடி சுண்ணக்கட்டியால் குறித்து வந்தால், மிகக் குறுகிய நிழலே உச்சிவேளையைச் சொல்லிவிடும். ஜெய்சிங் மன்னர் 1724-இல் எழுப்பிய ஜந்தர் மந்தரில் இதே வித்தை கல்லில் நிற்கிறது. நாமோ விருந்தினர்க்குச் சுற்றிக்காட்டுவதோடு சரி!

எனவே, சிறு பிள்ளைகள் கற்க வேண்டியவை பார்த்தல், அளத்தல், கண்டதை எழுதுதல், மீண்டும் சோதித்தல் ஆகியனவே என்பது எம் கருத்து. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, வாசலில் நிற்கும் வேப்பமரம் எம்மாதத்தில் இலை உதிர்க்கிறது என்பது தெரியவில்லையே!

சோதனைச்சாலைக்கு எங்கும் போக வேண்டாம். ஜனவரிக் குளிரில் தோசைமாவு புளிக்காமல் நம் பெண்மணிகள் படும் பாடு யாவரும் அறிந்ததே. ஒரே மாவை இரண்டு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றைக் கம்பளியில் சுற்றி வெதுவெதுப்பான இடத்திலும், மற்றதை ஜன்னலோரத்திலும் வைக்கச் சொல்லுங்கள். காலையில் எது எவ்வளவு பொங்கிற்று என்று பிள்ளையே அளக்கட்டும். கூலர்த் தொட்டியில் நெளியும் புழுக்களைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, வலைத்துணியால் வாயைக் கட்டி, நாள்தோறும் பார்க்கட்டும். அவை கொசுவாகப் பறப்பதைக் கண்ட பிள்ளை, வாரந்தோறும் தொட்டியை வடித்துக் காயவைக்கும்படி நம்மையே விரட்டும். டெங்கு காணும் நகரத்தில் இது விளையாட்டன்று.

இவ்வழியில் பள்ளிகளை நடத்த இயலுமா என்று கேட்பீர்கள். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நடத்திக் காட்டினார்கள். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவிய திட்டம் அது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கிராமத்துப் பிள்ளைகள் சோதனை செய்தே விஞ்ஞானம் பயின்றார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசியில்லையேல் வேலமுள்! தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். ஏனெனில் வினாக்கள் நினைவாற்றலைக் கேட்கவில்லை. 2002-இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்திவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னர், 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவும் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சுற்றுப்புறத்தையே பாடமாகக் கொள்ளச் சொல்லிற்று. ஆனால் நூல் எதுவாயினும், மதிப்பெண் தாளைக் கண்டதும் முகம் மாறும் பெற்றோர் நாம் இருக்கிறோமே!

வரும் ஜூன் 21 அன்று சங்கத்து மாடியில் ஒரு மீட்டர்க் கோல் நடுவதற்குச் செயலாளர் இசைந்துள்ளார். பிள்ளைகள் 12 மணிக்கு முன்னரே அளவுகோலும் சுண்ணக்கட்டியுமாக வருக. அன்று ஊரில் இருக்கும் பிள்ளைகள் அதே உயரக் கோலின் நிழலை அளந்து, நீளத்தையும் திசையையும் எழுதி அனுப்புக. எங்கள் பேத்தியை அழைத்திருக்கிறோம். வருவதாக இன்னும் சொல்லவில்லை.