முதியோரின் முறையீடு
(ஜும்ஆ உரை)

 

  

சில நாட்களுக்கு முன் லுஹர் தொழுகை முடிந்ததும் 75 வயதைக் கடந்த ஒரு பெரியவர் என் அருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், 2021-இல் போட்ட ஊசி இன்னும் என் உடம்பில் இருக்கிறதா?" என்று கேட்டார். கோவிஷீல்டு இரண்டு தவணை போட்டவர். அந்த ஊசியால் இரத்தம் உறையும் என்று 2024-இல் செய்தி பரவியதிலிருந்து, நெஞ்சருகே சிறு வலி எழுந்தாலும் அவருக்கு ஊசியின் நினைவுதான் வருகிறதாம். வீட்டில் சொன்னீர்களா என்றேன். "சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்" என்றார்.

அந்த ஒரு சொல்லே இன்றைய உரைக்குக் காரணமாயிற்று.

அந்த நாட்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2021 ஜனவரி 16 அன்று நம் நாட்டில் மருத்துவப் பணியாளர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினர். மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களின் முறை வந்தது. ஆதார் அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள், ஊசி போட்டபின் அரை மணி நேரம் அமர வைக்கப்பட்டார்கள், வீடு திரும்பினார்கள். அன்றிரவோ மறுநாளோ பலருக்கு ஊசி போட்ட கை கனத்தது. காய்ச்சலும் குளிர் நடுக்கமும் உடல்வலியும் வந்தன. பெரும்பாலோருக்கு இரண்டொரு நாளில் அவை தணிந்தன. உடலின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டு வேலை செய்வதால் ஏற்படும் விளைவுகள் அவை. முதுமையில் அந்த ஆற்றல் மந்தப்படுவதால், இளைஞர்களைவிட முதியோருக்கு இவை பொதுவாகக் குறைவாகவே இருந்தன என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை.

ஆயினும் இளைஞனின் காய்ச்சலும் முதியவரின் காய்ச்சலும் ஒன்றல்ல. நள்ளிரவில் நடுக்கத்துடன் தனியே எழுந்து கழிவறைக்குச் செல்லும் மூதாட்டி தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். பசியில்லை என்று உணவை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். 'சிறு பக்க விளைவு' என்று நாம் சொல்லும்போது, அது யாருக்குச் சிறிது என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

அவ்வாண்டு ஏப்ரல் நடுவில் ரமளானும் பிறந்தது. தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் பலர் தெளிவுபடுத்தினர். அதைக் கேட்டு நோன்புடன் ஊசி போட்ட பெரியவர்கள் நம் மஹல்லாவிலும் இருந்தனர். அவர்களில் ஒருவர் பிற்பகலில் காய்ச்சல் ஏறி நா வறண்ட நிலையிலும் தண்ணீர் அருந்த மறுத்தார். நோயாளி நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆன் வழங்கியுள்ள சலுகையை, ஊசி முறிக்காது என்ற செய்தி கேட்ட உற்சாகத்தில், அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தவறியவர்களுள் நானும் ஒருவன்.

இன்னொரு வீட்டின் துயரம் இன்றும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. ஊசி போட்ட ஐந்தாம் நாள் அந்த வீட்டு அத்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. "ஊசிக் காய்ச்சல்தான் அத்தா, சரியாகிவிடும்" என்று பிள்ளைகள் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தனர். மூச்சு வாங்குகிறது என்று அவர் இருமுறை சொல்லியிருக்கிறார். இரண்டாம் அலை வீசிக்கொண்டிருந்த நேரம் அது. ஊசியின் பாதுகாப்பு உருவாக வாரங்கள் ஆகும். அதற்குள் கொரோனாவே அவரைத் தொற்றியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது ஆக்சிஜன் அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. அவருடைய ஜனாஸாவில் சிலரே நின்றோம். பிள்ளைகள் பாசமற்றவர்கள் அல்லர். அத்தா சொன்னதை அவர்கள் கேட்டார்கள். ஆனால் விடையை முன்பே முடிவு செய்துவிட்டுக் கேட்டார்கள்.

முதுமை அடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் மிகச் சிறிய சொல்லைக்கூடக் குர்ஆன் தடுத்துள்ளது. "வயதானால் இப்படித்தான்" என்று நாம் சொல்வது அந்தச் சலிப்பில் சேராதா?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் காலமானார். ஊசிதான் கொன்றது என்று கைப்பேசிகள் எங்கும் செய்தி பறந்தது. எத்தனையோ பெரியவர்கள் இரண்டாம் தவணைக்கே செல்லவில்லை. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு பின்னர் அறிவித்தது. அதை எத்தனை பேர் பகிர்ந்தோம்? வரும் செய்தியைத் தீர விசாரியுங்கள் என்பது சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம்.

விசாரிப்பது எப்படி என்பதற்கு நார்வே நாட்டில் நடந்ததைச் சொல்வேன். 2021 ஜனவரியில் அங்கே முதியோர் இல்லங்களில் ஃபைசர் ஊசி போட்ட தளர்ந்த முதியோர் சிலர் இறந்ததாகத் தகவல் வந்தது. அவர்கள் அதை மறைக்கவுமில்லை, ஊசியை நிறுத்திவிடவுமில்லை. அந்த இல்லங்களில் வாரத்திற்குச் சராசரியாக 400 பேர் இறப்பது வழக்கம் என்ற கணக்கையும் மக்கள்முன் வைத்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆராய்ந்து, எதிர்பாராத மரண அதிகரிப்பு எதுவுமில்லை என்றது. எனினும் மிகவும் தளர்ந்தவர்களுக்கு நன்மை தீமையை மருத்துவர் எடைபோட்டுப் பார்த்தே ஊசி போட வேண்டும் என்று நார்வே தன் வழிகாட்டுதலைத் திருத்திக்கொண்டது.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். இரத்தம் உறையும் அந்தப் பாதிப்பு உண்மையானது. ஆனால் மிக மிக அரிதானது. 2024-இல் இங்கிலாந்து நீதிமன்ற ஆவணம் ஒன்றில் அஸ்ட்ராஜெனெகா நிறுவனம் ஒப்புக்கொண்டதால் அது செய்தியாயிற்றே தவிர, 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து முகமை அதைப் பக்க விளைவுகளில் சேர்த்துவிட்டது. ஊசி போட்ட சில நாள் முதல் ஆறு வாரங்களுக்குள்தான் அது பெரும்பாலும் தோன்றியது. முதியோரைவிட இளையோரிடமே கூடுதலாகக் காணப்பட்டது. ஊசி மருந்து ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கியிருப்பதுமில்லை.

இவற்றைச் சொன்னபோது பெரியவரின் முகம் தெளிந்தது. "அப்படியானால் இந்த மாத்திரை இனி வேண்டாமா?" என்று சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஆஸ்பிரின்! இரத்தம் உறைந்துவிடும் என்று அஞ்சி, யாரோ சொல்லக் கேட்டு, மருத்துவரைக் காணாமலே மாதக்கணக்கில் விழுங்கி வந்திருக்கிறார். தாமாக நிறுத்திவிடவும் வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லி, அவருடைய மகனைப் பள்ளிவாசலுக்கு அழைத்தேன். மறுநாள் இருவரும் மருத்துவமனைக்குச் சென்றனர். இதயத்தில் குறையில்லை, நெஞ்சருகே எழுந்த வலி, அந்த மாத்திரையால் வயிற்றில் உண்டான புண்ணின் வலி. சில நாட்களாக மலம் கறுத்துப் போனதையும் அவர் அங்கேதான் முதன்முதலாகச் சொன்னாராம். மருத்துவர் ஆஸ்பிரினை நிறுத்திப் புண்ணுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். இப்போது அந்த மகன் சுப்ஹுக்குத் தம் அத்தாவின் கையைப் பிடித்து அழைத்து வருகிறார்.