"எங்க வம்சத்துலயே இல்லைங்க!"

(பென்னாகரம் வட்டாரக் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் சக ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

மரபியல் பாடத்தை எளிமையாக நடத்துவது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பட்டாணிச் செடியை நீங்கள் எல்லாரும் என்னைவிட நன்றாகவே நடத்துவீர்கள். அதனால் நான் என் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

என் தம்பிக்கு இருபத்தாறு வயதில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை. மலத்தில் ரத்தமும் சளியும். வீட்டில் "சூடு" என்றோம். மோரும் வெந்தயமும் கொடுத்தோம். பிறகு "மூலம்" என்று ஒரு மருந்து, "சீதபேதி" என்று ஒரு மாத்திரை. இரண்டு வருடம் இப்படியே போனது. எடை பதினான்கு கிலோ குறைந்த பிறகுதான் சேலத்தில் குடல் நோய் மருத்துவரிடம் போனோம்.

அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" அப்பா யோசிக்கவே இல்லை. "எங்க வம்சத்துலயே இல்லைங்க" என்றார்.

திரும்பி வரும்போது தொப்பூர்க் கணவாயில் பேருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அப்பா என் பக்கம் சாய்ந்து, "உங்க பெரிய அத்தைக்கு இருந்துச்சு கண்ணு. கடைசி வரைக்கும் ரத்தமாத்தான் போச்சு. அவ பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்தோம், அதனால வெளிய சொல்லல" என்றார்.

அத்தைக்கு இருந்தது என்னவென்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. தம்பிக்கு இருந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி. கொலனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இதற்குக் கிரோன் நோய் என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. அது வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையில் எங்கும் வரலாம். இரண்டிலும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே குடலைப் புண்ணாக்குகிறது.

இது வெள்ளைக்காரர் நோய் என்று முன்பு நினைத்தார்கள். பஞ்சாபில் லூதியானா மருத்துவர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, லட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதாக 2003இல் எழுதினார்கள். அதற்கும் முன்பே, 1992இல், இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் குடியேறிய இந்தியர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் ஜெயந்தியும் அதில் பங்கு பெற்றவர். அங்குள்ள வெள்ளையர்களைவிட இந்தியர்களுக்கு இந்நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு வருவதாக அந்த ஆய்வு சொன்னது.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். இது பரம்பரை நோயா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல இரட்டையர்களைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1988இல் ஸ்வீடனில் ஓர் இரட்டையர் ஆய்வு வெளியானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில், கிரோன் நோய் உள்ள 18 ஜோடிகளில் 8 ஜோடிகளுக்கு இருவருக்கும் நோய் இருந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 16 ஜோடிகளில் ஒரே ஒரு ஜோடியில்தான் இருவருக்கும் இருந்தது. மரபணு மட்டுமே காரணமென்றால் எல்லா ஜோடியிலும் இருவருக்கும் வந்திருக்க வேண்டும். மரபணுவுக்குப் பங்கே இல்லையென்றால் கிரோன் நோயில் 8 வந்திருக்காது. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்; பிள்ளைகளே விவாதித்து முடிவுக்கு வருவார்கள்.

கிரோன் நோயோடு தொடர்புடைய முதல் மரபணுவான நாட்-2வை 2001இல் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியர்களிடம் நோயோடு சேர்ந்து காணப்படும் அதன் மாற்றங்கள் நம் நாட்டவரிடம் மிக அரிது. இன்று இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இந்நோய்களோடு தொடர்புடையவை என்று தெரியும். ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. பட்டாணியின் நெட்டை, குட்டை போல ஒரு காரணியில் அடங்கும் கணக்கு அல்ல இது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள், உணவு, சிறு வயதில் தேவையின்றி எடுத்த ஆன்டிபயாடிக், கிரோன் நோயில் புகைபிடித்தல் ஆகியவையும் சேர்கின்றன.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் இருந்தால் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அடிப்படை எண்ணே சிறியது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததுமில்லை. ஆகவே "வம்சத்துல இருக்கு" என்று பெண் கொடுக்க மறுப்பதும் தவறு. "வம்சத்துலயே இல்லை" என்று அறிகுறியை அலட்சியம் செய்வதும் தவறு.

அப்படியானால் குடும்ப வரலாறு எதற்கு? மருத்துவர் எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்று முடிவெடுக்க அது உதவும். நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்குத் தரும் ஸ்டீராய்டு மற்றொன்றை மோசமாக்கிவிடும். வீட்டில் யாருக்குக் காசநோய், யாருக்குக் குடல் நோய் என்று சொல்வது அங்கே பெரிய உதவி. அத்தையின் கதையை அப்பா முன்பே சொல்லியிருந்தால் தம்பிக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்குமா? உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் "சூடு" என்று நாங்கள் அவ்வளவு நாள் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

இவ்வளவு தெரிந்த நானே ஒரு தவறு செய்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் ஒரே பாடவேளையில் மூன்றாம் முறை வெளியே போகக் கேட்டான். "உக்காரு, எப்பப் பாரு இதே வேலை" என்றேன். உட்கார்ந்தான். அடக்க முடியாமல் உடையிலேயே போய்விட்டது. வகுப்பு சிரித்தது. நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் நானே வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா, "எங்க மாமனாருக்கும் இப்படித்தான் டீச்சர், அது இவனுக்கும் வருமா?" என்று கேட்டார். எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பினோம். நல்ல வேளை, அவனுக்கு இருந்தது சாதாரணக் குடல் தொற்று, மருந்தில் சரியாகிவிட்டது. அதனால் என் தவறு சிறியதாகிவிடவில்லை. நோய் எதுவென்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. வெளியே போக விடுவது நம் வேலை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வயிற்றுக்குக் கேட்கும் பிள்ளையைக் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். எடை, உயரம் பதியும்போது போன முறை எழுதியதையும் பாருங்கள்; எடை குறைந்திருந்தாலோ வளர்ச்சி நின்றிருந்தாலோ விடாதீர்கள். கிரோன் நோயில் சில பிள்ளைகளுக்கு வயிற்று வலிக்கும் முன்பே வளர்ச்சிதான் தடைப்படும். மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ரத்தசோகை, எடைக் குறைவு ஆகியவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு முறை வெளிப்படையாகப் பேசுங்கள்.

குடும்ப மர வரைபடத்தைச் செயல்பாடாகக் கொடுக்கும்போது ஒரு கவனம் தேவை. வீட்டு நோய்களை வகுப்பில் படிக்கச் சொல்லாதீர்கள். பாட்டி, தாத்தாவிடம் கேட்டு எழுதி வீட்டிலேயே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ஒருநாள் மருத்துவர் கேட்கும்போது அந்தத் தாள் பேசும்.

தம்பி இன்று மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான். நன்றாக இருக்கிறது என்று ஒரு முறை மருந்தை நிறுத்தி, மறுபடி படுத்ததிலிருந்து விடாமல் சாப்பிடுகிறான். அவன் மகளுக்கு ஏழு வயது. அவள் வயிறு வலிக்கிறது என்றாலே எங்களுக்குப் பகீரென்கிறது. மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்டோம். "வேண்டாம். நல்லா சாப்பிடுறாளா, வளர்றாளான்னு பாருங்க. அறிகுறி வந்தா உடனே வாங்க" என்றார்.

என் வீட்டில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் அத்தையின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். எழுதியது அப்பாவுக்குத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை.