விண்ணப்பத்தில் ஒரு கேள்வி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேச வல்லார் பலர் உளர். நாமோ மெட்ரிகுலேஷனோடு நின்று, இரயில்வே ஆபீஸில் கோப்புகளுடன் காலம் கழிப்பவர். சட்டம் படித்தவர் அல்லோம். எனினும், நம் காலனிப் பிள்ளைகள் சிலர் சட்டக் கல்லூரியை நாடும் இவ்வேளையில், அவர்கள் எழுத வேண்டிய படிவங்களில் வரும் ஒரு கேள்வியைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல அனுமதி வேண்டுகிறோம். "உம்மீது எப்போதேனும் போலீஸ் வழக்கு இருந்ததுண்டா?" என்பதே அக்கேள்வி.

முதலில் நமது பிழையைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நாம் வேலை பார்த்தபோது, அன்பர் ஒருவரின் மகன் சர்க்கார் உத்தியோகத்துக்குத் தேர்வு பெற்றான். கல்லூரி நாளில், பூஜைச் சந்தா வசூலில் எழுந்த கைகலப்பொன்றில் அவன் பெயரும் வழக்கில் ஏறியிருந்தது. பிறகு இரு தரப்பாரும் சமாதானமாகி வழக்கும் முடிந்தது. படிவத்தில் என்ன எழுதுவதென்று தந்தை நம்மிடம் வந்து கேட்டார். "முடிந்துபோன வழக்குத்தானே, 'இல்லை' என்றே எழுதட்டும்" என்றோம். நாலு மாதத்தில் போலீஸ் விசாரணை அறிக்கை வந்தது, உத்தியோகம் போயிற்று. வந்த கடிதத்தில் கைகலப்பைப் பற்றிக் குற்றமாக ஒரு சொல்லும் இல்லை. உண்மையை மறைத்தான் என்பதே காரணம். அந்தத் தந்தை நம்மைக் கடிந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நாம் செய்த தவறு யாதெனில், கேள்வியைச் சரியாகப் படிக்காததே. சர்க்கார் படிவம் "நீ குற்றவாளியா?" என்று கேட்பதில்லை. கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, அபராதம் விதிக்கப்பட்டதுண்டா என்று தனித்தனியே கேட்கிறது. விடுதலையானவனும் வழக்குத் தொடரப்பட்டவனே அன்றோ?

வக்கீல் தொழிலில் இது இன்னும் கடுமையானது. 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, முக்கியமான உண்மையைத் திரித்துக் கூறிப் பதிவு பெற்றவரின் பெயரை, அவர் தரப்பைக் கேட்டபின், இந்திய பார் கவுன்சில் நீக்கிவிடலாம். அதே சட்டத்தின் 24-ஏ பிரிவோ, ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்குக்கூட, விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிந்தால் அந்தத் தடை நீங்கும் என்கிறது. குற்றத்துக்குக் கெடு வைத்த சட்டம், பொய்க்குக் கெடு வைக்கவில்லை. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் விடுத்த சுற்றறிக்கை, சட்ட மாணவர்கள் தம்மீதுள்ள முதல் தகவல் அறிக்கை, வழக்கு, தண்டனை, விடுதலை ஆகிய எல்லாவற்றையும் பட்டம் பெறுமுன் தெரிவிக்க வேண்டும் என்றது. விடுதலையும் அப்பட்டியலில் இருப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

உண்மையை எழுதினால் இடம் நிச்சயம் என்று நாம் சொல்லவில்லை. உத்தியோக விஷயமாக 2016-இல் சுப்ரீம் கோர்ட்டின் மூவர் அமர்வு அளித்த தீர்ப்பு, உள்ளதைச் சொன்னவரையும் வேலையில் அமர்த்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றது. ஆயினும் இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயங்களைப் பொறுக்கலாம் என்றும், படிவம் தெளிவாகக் கேட்டதற்கு மட்டுமே பதில் கடமை என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆகவே கேளாததை வலிந்து எழுதி வம்பில் மாட்டவும் வேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் வழக்கு வேறு. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, கொடுங்குற்றம் பற்றிய விலக்கு ஒன்று நீங்கலாக, அதனால் தகுதிக்குறைவு நேராமல் காக்கிறது. அத்தகைய பிள்ளை எழுதுமுன் வக்கீல் ஒருவரைக் கேட்பது நலம்.

வ. உ. சிதம்பரனாரை இங்கே நினைக்கிறோம். 1908-இல் இராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு, வக்கீல் சன்னதையும் இழந்தவர் அவர். அச்சிறைவாசம் ஊரறிந்தது, மறைக்க இடமேது? பின்னர் அவருக்குச் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியால் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார். நம் பிள்ளைகளின் சில்லறை வழக்குகள் தேசத்தொண்டு ஆகா என்பது உண்மையே. எனினும் வழக்கில் சிக்கியவனுக்கு அந்தத் தொழிலின் கதவு என்றைக்கும் மூடியது என்று அஞ்சுகிறவர்களுக்காக இதைச் சொன்னோம்.

சென்ற மாதம் நம் காலனித் தந்தை ஒருவர் அதே கேள்வியோடு வந்தார். மகன் மீது தெருச்சண்டை வழக்கு, விடுதலையாகிவிட்டது. "ஸார், பழைய குப்பையை ஏன் கிளற வேண்டும்?" என்றார். நமக்கு அந்தப் பழைய கடிதம் கண்முன் நின்றது. கோர்ட்டில் மனுப்போட்டுத் தீர்ப்பின் நகலை வாங்கிவரச் சொன்னோம். பிறகு மூவரும் உட்கார்ந்து, போலீஸ் நிலையம், வழக்கு எண், கோர்ட்டு, தீர்ப்புத் தேதி, முடிவு ஆகியவற்றை நாலே வரியில் எழுதினோம். தான் நிரபராதி என்று ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றான் பையன். வேண்டாமென்று தடுத்து, நகலை இணைத்தோம். கையெழுத்திடும்போது அவன் கை சற்று நடுங்கிற்று. கல்லூரியிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.

இத்தகைய படிவம் எவர் வீட்டிலேனும் இருப்பின், ஞாயிறு மாலையில் சங்கத்து வாசகசாலைக்கு எடுத்து வாருங்கள். முன்பே 'இல்லை' என்று எழுதி அனுப்பியவர்களும் தயங்காது வரலாம். விசாரணை வருமுன் திருத்தக் கடிதம் எழுத இன்னும் நேரம் இருக்கக்கூடும்.